கிளஸ்டருக்கு ஒரு ஆள் போதும்

ரயில் டிக்கெட் விற்கும் கம்பெனியில் சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அக்கா புருஷன். அங்கே டிக்கெட் தளத்தை ஓட்டும் சர்வர் தொகுப்பான குபர்நெட்டிஸ் கிளஸ்டரை இருவரும்தான் கவனித்துக்கொண்டார்கள். விடுமுறைக் கூட்டம் குவிந்தால், கன்டெய்னர்கள் எனப்படும் புரோகிராம் பொட்டலங்கள் சர்வர்களில் ஓட இடமில்லாமல் காத்து நிற்கும். மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடி, புது சர்வர்களைச் சேர்ப்பார்.

அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் அதைச் செய்தாள். வெளியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடையே இன்னொரு நோடு, அதாவது இன்னொரு சர்வர், போலக் கிளஸ்டரில் இணைத்துவிட்டாள். கூட்டம் வந்தால் மிஞ்சிய கன்டெய்னர்கள் தாமாகவே அங்கே போய் ஓடும். கூட்டம் வடிந்ததும் மறைந்துவிடும். சர்வரைக் கட்டி மேய்க்கிற வேலையே இல்லை.

அந்த விடுமுறையில் மாமா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார். "கெட்டிக்காரிதான் நீ!" என்றார்.

மேனேஜர் கணக்குப் போட்டது வேறு. "இதுக்கு ஒரு ஆள் போதுமே" என்று மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அவருக்குப் பதிலா நான் போறேன் சார்" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "செஞ்சது நீங்கதானேம்மா, நீங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மாமா முகம் சுளிக்கவில்லை. "நல்ல வேலைதான் செஞ்சிருக்க. மனசுல வெச்சுக்காதே" என்றார். அக்காதான் வாசல் கதவைப் பாதி சாத்தியபடி, "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே" என்றாள்.

அடுத்த விடுமுறைக் கூட்டத்தையும் கிளவுட் அலுங்காமல் தாங்கியது. செய்வதற்கு எதுவுமில்லாமல் சின்னவள் அக்காவுக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.