இரண்டு பொட்டலத்தையும் எடுத்த குழந்தை

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து வருகிறேன். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதோடு, எனக்கு நடந்ததைக் கேட்பவர்கள் அற்புதம் என்று ஒப்புக்கொள்வார்களா என்ற சந்தேகம் வேறு. செத்தவர் யாரும் பிழைக்கவில்லை. கண் தெரியாதவருக்குக் கண் வரவில்லை. ஆனால் அன்று நான் இருந்த இருப்பை நினைத்தால், எங்கள் அம்மன் ஆத்தா செய்தது எனக்கு அதற்குக் குறைந்ததில்லை. போன வருஷம் கோயில் பங்குனிப் பொங்கலில் என் காதுபடவே ஒருவர் இந்தச் சம்பவத்தை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். இனியும் சும்மா இருப்பது சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஆமத்தூர். ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் வேலை பார்த்தேன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற கம்பெனி. காகிதம் அடுக்குவது, அடித்த தாளைக் காயப்போடுவது, லோடு ஏற்றுவது என் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவேன். அங்கே பெரிய கல்லின் மேல் படம் வரைந்து, அதில் மை தடவித்தான் லேபிள் அடிப்பார்கள். படம் வரைகிற வேலை பெரிய வேலை. சிறு வயதிலிருந்தே எனக்குப் படம் வரைகிற கிறுக்கு உண்டு. கிழிந்த தாள் கிடைத்தால் போதும், மாடு, மயில், முருகன் என்று எதையாவது போட்டுவிடுவேன். நாற்பது வயது தாண்டியும் அது போகவில்லை.

ஒருநாள் முதலாளி அப்படி ஒரு தாளைப் பார்த்துவிட்டார். அதற்கடுத்த தை மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்ல நமக்குப் படம் போட்டுக் குடுக்கிற வாத்தியார் இருக்காருல்ல, அவருகிட்ட ஆறு மாசம் இருந்து கத்துக்கிட்டு வாரீகளா? செலவு கம்பெனி பார்த்துக்கிடும். பங்குனிப் பொங்கலுக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா வேற ஆள அனுப்பணும்."

வாழ்நாளெல்லாம் கேட்ட வரம். ஆனால் வந்த நேரம்?

முந்தைய ஆடியில்தான் அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. காலையிலும் மாலையிலும் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், கொல்லைக்குக் கொண்டு போக வேண்டும், எண்ணெய் தேய்த்துக் கைகாலை நீவிவிட வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது யாரும் இல்லை. மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என் மனைவி காளியம்மாள் அவளையும் பார்த்து, வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு, அப்பாவுக்குக் கஞ்சியும் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளால் அப்பாவைத் தூக்க முடியாது.

நான் போனால் வீடு நிலைகுலையும். போகாவிட்டால் நான் சாகும்வரை காகிதம்தான் அடுக்க வேண்டும். கம்பெனியில் கேலி வேறு. "பேரன் எடுக்கப் போற வயசுல சிலேட்டத் தூக்கிட்டுப் போறாரு அண்ணாச்சி, பால்வாடியில சேர்த்துக்கிடுவாகளா?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். சைக்கிளில் வரும்போது அழுகை வரும்.

அப்பாவோ வாய் கோணியபடியே, "ஏலே, நீ போலே. நான் என்ன எந்திரிச்சு ஓடிரவா போறேன்?" என்றார். எனக்கு அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலமாகவும் இலையில் மடித்துக் கட்டி, ஆத்தா காலடியில் வைத்துக் கும்பிட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அதுதான் ஆத்தா வாக்கு. ஒரு தடவைதான் கேட்கலாம். மறுபடி கேட்பது ஆத்தாவைச் சந்தேகப்படுவது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் வீடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பூசாரி பொட்டலங்களை வைத்தார். மொட்டையடிக்க வந்திருந்த குடும்பத்தில் ஒரு பெண்குழந்தை, அப்போதுதான் நடை பழகியிருந்தது. "தாயி, ஒண்ண எடு பாப்பம்" என்று பூசாரி அதை இறக்கிவிட்டார்.

அந்தக் குழந்தை தத்தித் தத்திப் போய், ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலத்தையும் எடுத்தது. ஒன்றை வாய்க்குக் கொண்டு போனது. அதன் தாய் ஓடிவந்து பிடுங்கினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவ வச்சுப் பாப்பமா?" என்று கேட்டேன்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசுதீக? ஆத்தா என்ன தாலுகா கச்சேரி குமாஸ்தாவா, மறுக்கா மறுக்கா மனுப் போடுறதுக்கு? ரெண்டும் குடுத்திருக்கா. வாங்கிட்டுப் போங்க."

"ரெண்டும் எப்படி முடியும் சாமி?"

"அது அவ பாடு. ஒங்க பாடு வாங்கிக்கிடுதது."

இரண்டு பூவையும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காளியம்மாளிடம் சொன்னேன். அவள் ஒட்டுகிற கையை நிறுத்தாமல், "அப்ப ஒடம்ப ரெண்டாக் கிழிச்சு ஒரு துண்ட ரயிலேத்தி விட்ரலாமா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூவை வாங்கிச் சாமி படத்துக்குச் சாத்தினாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், அப்பாவை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு எந்தப் பூவும் தேவைப்படவில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார். பொங்கல் முடிந்ததும் வேறு ஆளை அனுப்பப் போகிறார்கள் என்று கம்பெனியில் பேச்சு. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்துவேன். "ஆத்தா, வீட்ட நான் பார்த்துக்கிடுறேன். ரெண்டும் தாரேன்னு நீதான சொன்ன? மத்தத நீ பாரு" என்பேன். கோபமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. பாதி நாள் அது வேண்டுதலா சண்டையா என்று எனக்கே தெரியாது.

சித்திரை பிறந்தது. வேறு ஆள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வெயில் தீயாக அடித்தது. ஒருநாள் தாள் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி தானே வெளியே வந்தார். கையில் ஒரு கடுதாசி.

"மெட்ராஸ் வாத்தியாருக்கு மூச்சு இழுப்பு. கடல்காத்து ஆகாதாம். ஈரமில்லாத ஊருல கொஞ்ச காலம் இருங்கன்னு டாக்டரு சொல்லிட்டாராம். இங்கனயே வந்து வேலை பார்க்கட்டுமான்னு கேட்டு எழுதியிருக்காரு." பிறகு வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம ஊரவிடக் காஞ்ச ஊரு எங்கன இருக்கு? வேட்டு காயுற வெயில்ல நெஞ்சு காயாதா? நீங்க மெட்ராஸ் போகாண்டாம். மெட்ராஸே இங்கன வருது."

கையில் இருந்த தாள் பறந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை. மழை இல்லை, மழை இல்லை என்று எத்தனை தடவை இந்த மண்ணைச் சபித்திருக்கிறேன்! அந்த வறட்சியையே ஆத்தா எனக்கு வழியாகத் திறந்துவிட்டாள்.

வாத்தியார் வந்தார். என்னைவிட இளையவர். ஒல்லியாக, சால்வை போர்த்தியிருந்தார். ஒரு மாதத்தில் சால்வையைக் கழற்றினார், இருமலும் குறைந்தது. "அண்ணே, உங்க ஊர் வெயிலை ஒரு பாட்டில்ல அடைச்சு எங்க வீட்டுக்கு அனுப்பணும்" என்பார். கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். என் கை வராது. முதல் மயிலைப் பார்த்து, "கோழிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்குதுண்ணே" என்றார். விடாமல் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவை நீவிவிட்டபின், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் பழகுவேன். நாள் முழுக்க அசையாமல் படுத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரையே வரைந்தேன். அவருக்கும் பொழுது போனது. "மூக்கு எனக்கு இம்புட்டுப் பெருசாலே?" என்று சண்டை பிடிப்பார். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து, அதுவும் பக்கத்தில் கிடந்து கத்தும்.

அடுத்த வருஷம் ஒரு தீப்பெட்டி ஆர்டர் வந்தது. தலைப்பாகை கட்டிய விவசாயி படம் வேண்டும் என்றார்கள். நான் வரைந்து கொடுத்தேன். வாத்தியார் உற்றுப் பார்த்து, "இதுல திருத்த ஒண்ணுமில்லண்ணே" என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அப்பாவின் முகம். வாய் கோணாத பக்கம் தெரியும்படி திரும்பியிருப்பார்.

அடித்த லேபிள் ஒட்டிய முதல் பெட்டியைக் கொண்டுவந்து அவருடைய வலது கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு, "ஏலே, ஊர்ல உள்ள பீடி குடிக்கிற பயலுகெல்லாம் என் தலையில உரசாம இருந்தாச் சரி" என்றார். காளியம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். இரண்டு வருஷம் கழித்து, என் மடியில் தலை வைத்தபடி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் கல்லில் படம் வரைகிறவன். வீடும் குறையில்லாமல் இருக்கிறது. என்னைப் போல் நடுவயதில் இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் கையில் இருக்கிற கடமையை விட்டுவிடாதீர்கள். மனதில் இருக்கிற ஆசையையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இரண்டையும் ஆத்தா காலடியில் வையுங்கள். வழி எந்தத் திசையிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அம்மன் கனவில் வந்தாள், அப்பா எழுந்து நடந்தார் என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் கனவில் வரவில்லை. அப்பா நடக்கவில்லை. ஒரு குழந்தை இரண்டு பொட்டலத்தையும் எடுத்தது. அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.