கிராம சபைக்குக் குளிக்காமல் வந்தவர்கள்

வள்ளித்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் குளியலில் இருந்துதான் தொடங்க வேண்டும். அவள் எங்கள் ஊராட்சியில் கீழத்தெருவின் வார்டு உறுப்பினர். உறுப்பினர் என்றதும் வெள்ளையும் சொள்ளையுமாக ஓர் ஆள் உங்கள் கண்முன் வந்தால், அவரை அனுப்பிவிடுங்கள். இவள் விடிந்தும் விடியாமல் வேனில் ஏறி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துவிட்டு, சாயங்காலம் அதே வேனில் வந்து இறங்குகிறவள். பட்டாசுக்குள் போகிற வெடிமருந்துக்கு எங்கள் பக்கம் வெறும் மருந்து என்றே பெயர். நோய்க்குக் கொடுப்பதும் மருந்துதான், வெடிப்பதும் மருந்துதான். எங்களுக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

நான் பெர்சிஸ், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். கிராம சபை எங்கள் பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில்தான் கூடும். அதனால் ஊர் நியாயம் அத்தனையும் வேண்டியும் வேண்டாமலும் என் காதில் விழுந்துவிடும். அந்த ஒரு வருடம் நடந்ததை என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

மருந்து வேலை செய்யும் பெண்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. குளிக்காமல் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. குளிக்காதவள் பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசக் கூடாது. சேலை மடிப்பில், தலைமுடியில், நகக்கண்ணில் எல்லாம் மருந்து ஒட்டியிருக்கும். அலுமினியத் தூள் படிந்து முழங்கை வரை கை வெள்ளியாக மினுங்கும். அந்தக் கையால் சோற்றைத் தொட முடியாது, பிள்ளையைத் தொட முடியாது. கம்பெனியில் குளியலறை இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

கீழத்தெருவோ ஒட்டு ஒட்டாகக் கட்டிய வரிசை வீடுகள். கொல்லையில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குளிக்க வேண்டும், அதுவும் இருட்டிய பிறகுதான் முடியும். வேன் வருவது ஐந்து மணிக்கு. அதிலிருந்து இருட்டும் வரை தெருமுனைப் புளியமரத்தடியில் அம்புட்டுப் பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஆண்கள் உலை வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஆண்கள் அடுப்புப் பக்கம் போகாததற்கு மருந்து காரணமில்லை.

"எங்க வீட்டுக் குளியலறைக்கு வாங்க" என்று ஒருமுறை கூப்பிட்டேன். வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே, "தெருவே வந்து நின்னா ஒங்க தொட்டி என்னத்துக்கு ஆகும் டீச்சர்?" என்றாள்.

மரத்தடியில் அவர்களோடு அருணாதேவியும் உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தைக்காரி. சீசன் தொடங்கியதும் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேனேறியவள். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் பிள்ளை அழ ஆரம்பிக்கும். மாமியார் தூக்கி வந்து எட்ட நின்று அம்மாவைக் காட்டுவாள், அழுகை இன்னும் கூடும். அருணாதேவி ரவிக்கை நனைந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்திருப்பாள். 

வள்ளித்தாய்க்கு அது பழைய ரணம். அவள் மகள் ஓவியா இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். "எம்புள்ள பசிச்சு அழுதத நானும் இதே மரத்தடியில இருந்துதான் கேட்டேன் டீச்சர். வீடு அந்தா இருக்கு. போக முடியாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தேர்தலில் நின்றபோது அவள் சொன்ன வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: புளியமரத்தடியில் பெண்களுக்குத் தண்ணீரோடு ஒரு குளியலறை. நாலு வருடம் தள்ளிப்போட்டே ஓட்டிவிட்டார்கள். இது கடைசி வருடம். பொறுப்பு முடிந்து இறங்குவதற்குள் கட்டாவிட்டால் பிறகு எந்த முகத்தோடு அந்த மரத்தடியில் போய் உட்காருவது?

குறுக்கே நின்றது ஒரு கலையரங்கம். ஊராட்சித் தலைவர் கனகசபாபதி கெட்டவர் இல்லை. யார் வீட்டுத் துக்கத்துக்கும் முதல் ஆளாக நிற்பார், கடைசி ஆளாகத்தான் போவார். மைக்கும் மேடையும் மட்டும் அவருக்கு உயிர். பங்குனி மாதக் கோயில் பொங்கலுக்கு ஆடல் பாடல் நடத்தக் கான்கிரீட் மேடை வேண்டும், அதன் நெற்றியில் தன் பெயர் வேண்டும் என்பது அவர் ஆசை. இடமும் பார்த்துவிட்டார், அதே புளியமரத்தடி. ஊராட்சியில் மிச்சமிருந்த நிதியோ ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் வள்ளித்தாய் எழுந்து கேட்டாள். "ராத்திரியானா குளிக்கத்தான போறீக, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் தலைவர். வாயில் பீடியை வைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த சபையில் பார்க்கலாம் என்று எழுதி முடித்தார்கள்.

அடுத்த சபை மே தினத்தில். கம்பெனிகளுக்கு லீவு. ஆள்பலம் காட்டிவிட வேண்டுமென்று வள்ளித்தாய் கீழத்தெருப் பெண்களை ஒருத்தி விடாமல் கிளப்பிவிட்டாள். அங்கேதான் சறுக்கியது. சபைக்குப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டும் என்று எல்லோரும் முதல் நாள் இரவே தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மல்லிகைப் பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூவரச மரத்தடி கமகமவென்று மணத்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து சபையைப் பார்வையிட வந்த அலுவலரும் ஒரு பெண்தான். அவர் அவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் பளிச்சுன்னுதானேம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். ஆண்கள் பக்கம் சிரிப்பு பொங்கியது. குளிக்க இடமில்லை என்று கேட்க, குளித்துச் சிங்காரித்து வந்தவர்கள் உலகத்திலேயே எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். கலையரங்கத்துக்கே ஆதரவு என்று பேச்சு முடிந்தது. வள்ளித்தாய் தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு போனாள். 

அதற்காக ஊர் வேலை நிற்குமா? குடிநீர்த் தொட்டியைக் கழுவினார்கள். கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த கருவேல மரத்தை ஏலம் விட்டார்கள், ஏலத்தில் இரண்டு சம்பந்திகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலத்தெரு விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. சுடுகாட்டுப் பாதைக்குச் சரள் அடித்தார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் வள்ளித்தாய் போனாள், எல்லாவற்றிலும் கேள்வி கேட்டாள். முடிவில் மறக்காமல் குளியலறையையும் கேட்டாள். "ஏ வள்ளித்தாயி, நீ விடவே மாட்டியா?" என்பார் தலைவர். "கட்டுங்க, விட்டுருதேன்" என்பாள்.

ஆவணியில் தலைவர் ஒரு சிறப்புக் கிராம சபை கூட்டினார். மிச்ச நிதிக்கு வேலையை முடிவு செய்ய வேண்டும், கைதூக்கித் தீர்மானம். நாள், வேலை நாள். நேரம், சாயங்காலம் நாலரை மணி. தீபாவளி ஆர்டருக்குக் கம்பெனிகள் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்த நேரம். லீவு போட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். வேன் வருவதே ஐந்துக்கு. வந்து, இருட்டக் காத்திருந்து, ஒருவர் பின் ஒருவராகக் குளித்து வருவதற்குள் தீர்மானம் முடிந்து, மைக் செட்காரர் வயரைச் சுருட்டியிருப்பார். வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கணக்கு என்னவோ அவருக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

முதல் நாள் வள்ளித்தாய் என்னிடம் வந்தாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "கூட்டத்தக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க டீச்சர். நாங்க அப்படியே வாரோம்" என்றாள். அப்படியே என்று அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் நான் இழுத்தேன். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசினேன், சுற்றுச்சுவரைப் பற்றிப் பேசினேன், நாய்த் தொல்லையைப் பற்றிப் பேசினேன். தலைவர் கொட்டாவி விட்டார். மரத்தடியின் ஓரத்தில் டீக்கடை நாகையா அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது.

அப்போது வேன் வந்தது. புளியமரத்தில் நிற்கவில்லை. டிரைவர் பாண்டிமுருகன் நேரே பள்ளிக்கூட வாசலுக்கு ஓட்டி வந்து நிறுத்தினான். பெண்கள் இறங்கினார்கள். முழங்கை வரை வெள்ளிக் கைகள், சாம்பல் பூத்த முகங்கள், மேலுக்குப் போட்ட அழுக்குச் சட்டைகள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"நாகையாண்ணே, அடுப்ப அணைங்க" என்று வள்ளித்தாய் குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, பீடியத் தூரப் போடுங்க. மேல மருந்து இருக்கு. அணைச்சப்புறம்தான் உள்ள வருவோம்."

நாகையா துள்ளி எழுந்து ஒரு குடம் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தார். பால் பாதியில் நின்றது, வடை எண்ணெய்க்குள்ளேயே ஊறிக் கிடந்தது. தலைவர் பீடியைக் கீழே போட்டுச் செருப்பால் மிதித்துத் தேய்த்தார். சட்டைப்பையில் தீப்பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைக் கொண்டுபோய்த் தெருவுக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தார்கள். பிறகுதான் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஜமுக்காளத்தில் உட்காராமல் மண்ணில் உட்கார்ந்தார்கள். மே தினத்துக்கு வந்த அதே ஒன்றிய அலுவலர்தான் அன்றும் வந்திருந்தார், தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "வேண்டாம்மா, ஒட்டும்" என்றாள் வள்ளித்தாய்.

"இதென்ன கோலம்?" தலைவர் பொறுமை இழந்தார். "போயி எல்லாரும் குளிச்சிட்டு வாங்க. இருக்கோம்."

"எங்கன போயி குளிக்கச் சொல்றீக அண்ணாச்சி?"

அவர் அலுவலரைத் திரும்பிப் பார்த்தார்.  

"இருட்டட்டும், குளிச்சிட்டு வாரோம்" என்றாள் வள்ளித்தாய். "அதுவரைக்கும் சபையக் கலைக்காம வச்சிருப்பீகளா?"

"அதுவரைக்கும் டீ?" என்று பின்னால் யாரோ வயிற்றெரிச்சலோடு கேட்டார்.

"அடுப்பு எரிஞ்சாத்தான டீ? எங்களுக்கு இது தெனமும்தான். இன்னைக்கு ஒரு நா ஒங்களுக்கு."

அந்த நேரம் பார்த்து அருணாதேவியின் மாமியார் பிள்ளையோடு கேட்டில் வந்து நின்றாள். வேன் புளியமரத்தில் நிற்காததால் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். பிள்ளை அம்மாவைக் கண்டுகொண்டது. அது அழுத அழுகை மைக்கில் ஏறி ஊர் முழுக்கக் கேட்டது. அருணாதேவி எழுந்து நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோம்மா, பசிக்குது போல" என்றார் அலுவலர்.

"வாங்கக் கூடாதும்மா" என்றாள் அவள். 

மேலத்தெரு ஆண்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். அந்த அழுகையை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை, அது கீழத்தெருவின் சத்தம். அலுவலர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "குளியலறைக்கு ஆதரவா இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

வெள்ளிக் கைகள் எழுந்தன. சாய்ந்த வெயில் அவற்றில் பட்டு மரத்தடியே மினுங்கியது. பிறகு மேலத்தெருக் கைகள். நாகையா ஈரக் கையைத் தூக்கினார். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன், எண்ணுகிறவர்கள் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளட்டும். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் ஒருமுறை புளியமரத் திசையைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் தன் கையையும் தூக்கினார். "போடுங்கய்யா தீர்மானத்த. எனக்கு ஒரு டீ குடிக்கணும்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கட்டுமானம் நடந்தபோது கொத்தனார் மாணிக்கராஜை வள்ளித்தாய் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கதவு தெருவைப் பார்க்கக் கூடாது, வேன் நிற்கும் பக்கம் பார்க்க வேண்டும். வேலைச் சேலையை முக்கி வைக்க வெளியில் தனித் தொட்டி வேண்டும். சுவர் இன்னும் உயர வேண்டும். "நீங்க வீடா கட்டுறீக, கோட்டையா?" என்று அவர் புலம்பினார். ஆழ்துளையில் தண்ணீர் பீறிட்ட அன்று அவரே சட்டையோடு நனைந்தார். தீபாவளி போய், கம்பெனிகள் மறுபடி திறந்து, பொறுப்புக் காலம் முடிய இருந்த கடைசி வாரத்தில் வேலை முடிந்தது. கல்லில் கனகசபாபதி பெயரும் பொறித்திருந்தார்கள். "மேடையில வர வேண்டிய பேரு, குளிக்கிற எடத்துல வந்திருச்சே" என்று சிரித்துக்கொண்டே கல்லை வேட்டி நுனியால் துடைத்தார்.

திறப்பு விழாவை வேன் வரும் நேரத்துக்கு வைத்தார்கள். ரிப்பனை வெட்டச் சொல்லி வள்ளித்தாயிடம் கத்தரிக்கோலை நீட்டினார் தலைவர். அவள் தன் வெள்ளிக் கைகளைக் காட்டினாள். "குளிக்காம எதையும் தொட மாட்டேன் அண்ணாச்சி. நீங்களே வெட்டுங்க. மொதல்ல புள்ளக்காரி போகட்டும்."

அருணாதேவி உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் வெளியில் கேட்டது. தெருவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைமுடி சொட்டச் சொட்ட மாற்றுச் சேலையில் வெளியே வந்து, மாமியார் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடினாள். அழுகை சட்டென்று நின்றது.

ஒவ்வொருத்தியாகப் போய்க் குளித்து வந்தார்கள். கடைசியாகத்தான் வள்ளித்தாய் போனாள். தலைவர் பற்றவைக்காத பீடியை விரலிடுக்கில் வைத்தபடி அத்தனை நேரமும் தள்ளியே நின்றார். கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு குக்கர் விசில் கேட்கத் தொடங்கியது. வள்ளித்தாய் துண்டால் தலையைச் சுற்றிக்கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அருணாதேவியிடமிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இப்பப் பத்தவைங்க அண்ணாச்சி" என்றாள்.

இன்னும் பொழுது இறங்கவில்லை.