மூலையில் சிறிதாக ஒரு சொல்

மாடிப்படி வளைவில் ஒருவர் நின்று மெல்லத் திரும்பிப் பார்க்கிறார். ஐந்து விநாடிக் காட்சி. கன்னடத் தொலைக்காட்சி ஒன்றின் குற்ற நிகழ்ச்சிக்கு நான் வசனம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்தது. திரும்பிப் பார்ப்பவர் என் சித்தப்பா. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்று, ஒக்கலிபுரம் வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த மனுஷனை, நடந்த குற்றங்களை நடித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். எங்கள் குடும்பத்திலேயே பூனைக்குக்கூடக் குரல் உயர்த்தாதவர் அவர். ஆனால் இரண்டு நாள் தாடியும் கீழிருந்து அடித்த வெளிச்சமும் சேர்ந்தால், அம்மாடி, நானே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கேஸ் ரிப்பேர்காரனாக, தண்ணீர் கேன் போடுபவனாக, முகவரி கேட்பவனாக எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தார். "இன்னா கண்ணு, இந்த வாரமும் நான்தான் கள்ளனா? ஒரு தடவையாவது போலீஸ் வேஷம் குடுக்கச் சொல்லேன்!" என்று சிரிப்பார். தெருப் பிள்ளைகள் கிண்டல் செய்தால் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் காட்சிகளின் மூலையில் 'இது நடிப்பு' என்று கன்னடத்தில் ஒரு சொல் போடுவோம். அதைப் போடுவதும் என் வேலைதான். எங்கள் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "பாக்குறவங்க அடுத்தது நம்ம வீடுதான்னு நெனைக்கணும்மா. இது பயத்தைக் கெடுக்குது, சின்னதாக்கு" என்றார். சின்னதாக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார். அதையும் செய்தேன். கடைசியில் விளம்பரப் பட்டை ஓடும்போது அந்தச் சொல் அதன் அடியில் மறைந்தே போனது. அதைப் பார்த்தேன். வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

தங்கச்சிக்கு, அதாவது சித்தப்பாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்றதற்கு, "வாசல்ல போய் நின்னு கூப்புடலன்னா அது இன்னா அழைப்பு?" என்று கோபித்துக்கொண்டார். மஞ்சள் தடவிய பத்திரிகைகளும் குங்குமச் சிமிழும் ஒரு பையில். ஒரு மத்தியானம் தொம்மலூரில், பழைய சிநேகிதர் ஒருவரின் வீடு தெரியாமல், சந்து சந்தாகக் கதவு எண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் குனிந்து, "அம்மா இருக்காங்களா?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். எங்கள் நிகழ்ச்சியில் நான் அவருக்கு எழுதிக்கொடுத்த அதே வசனம்.

கதவைத் திறந்த பெண் அலறினாள். "இவனே! டீவியல்லி பர்த்தானல்லா, அவனே!" டீவியில் வருகிறானே, அவன்தான் இவன் என்று. தெரு கூடிவிட்டது. நடிகர் என்று அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் திட்டியதில்லை. அவளுக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்தவள் நான். தகவல் வந்து நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியபோது, உதடு கிழிந்து, ஒரு கண் மூடி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "பத்திரிகைங்க எல்லாம் ரோட்டுல கெடக்குது கண்ணு, மிதிச்சிடப் போறாங்க" என்பதுதான். போய்ப் பொறுக்கினேன். செருப்புத் தடம் இல்லாதது பதினொன்றுதான் மிஞ்சியது.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சத்தம் இல்லாமல் வந்து, சத்தம் இல்லாமல் போனார்கள். வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்க வேண்டிய பெண்ணின் அப்பாவான சித்தப்பா, சமையல்கட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. நான் வேலையை விட்டேன். விட்டு என்ன? அந்த மாடிப்படிக் காட்சி இப்போதும் கைப்பேசிகளில் சுற்றுகிறது, 'இவனைக் கண்டால் உஷார்' என்று. மூலையில் இருந்த சொல்லை யாரோ வெட்டியே விட்டார்கள். நானும்தான் மாறிப்போனேன். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இரண்டு தாழ்ப்பாள், வாசலில் கேமரா. ஊரைப் பயமுறுத்த எழுதியதெல்லாம் எனக்குள்ளேயே குடியேறிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் அழைப்பு மணி அடித்தது. வாசல் கேமராவைக் கைப்பேசியில் பார்த்தேன். மேலிருந்து தெரிந்த ஒரு ஆண் முகம், கண்ணுக்கடியில் கருநிழல். என் கை தானாகப் போய் இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டது. போட்ட பிறகுதான் அது சித்தப்பா என்று மனதுக்கு எட்டியது. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு வீட்டு மணியை அடித்திருக்கிறார், பேத்தியை, என் மகளைப் பார்க்க. தாழ் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கொண்டுவந்த பழப்பையைத் தரையில் வைத்தார். இரண்டடி பின்னால் போய், வெறும் உள்ளங்கைகள் இரண்டையும் கேமராவுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினார்.

"நான்தான் கண்ணு. சித்தப்பா. பயப்படாத, மெதுவா தொற."