அச்சைவிட்டு வராத தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்துக்கு நடந்துபோய் மீன் வாங்கி வருவது என் வழக்கம். வீடு மந்தைவெளியில். வேலை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், நாற்காலியை விட்டு எழாத வேலை. மீன் வாங்குவது எப்போதும் ஒரே அக்காவிடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அன்றைக்கு இறால் பொறுக்கக் குனிந்தபோதுதான் அவருடைய பாதங்களைக் கவனித்தேன். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் ஊறிப் பிய்ந்திருந்தது.

"இன்னாம்மா, மீனப் பாக்காம என் காலப் பாத்துக்கினு கீற?" என்றார்.

மீன் பரப்பியிருந்த மரப்பலகையிலிருந்து ஐஸ் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டி அவர் காலில் விழுகிறது. பலகையை முன்பக்கம் சாய்த்தால் வாங்க வருகிறவர்களின் செருப்பு நனைகிறது, அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதனால் தன் பக்கமே சாய்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, பேச்சை நெத்திலிக்கு மாற்றிவிட்டார்.

அவருடைய தம்பி சற்றுத் தள்ளி மணலில் ஒரு ஃபைபர் படகைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முன்மூக்கில் விழுந்திருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். மீன் சுத்தமாகி வரும்வரை வேடிக்கை பார்க்கப் போனேன். கம்பளித்துணி மாதிரி வெள்ளையாக ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். நூலாக இழுத்த கண்ணாடி அது என்று அவர் சொல்வதற்குள் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்திருந்தது. தேன் நிறத்தில் இருந்த ரெசின் என்ற பிசினில் கெட்டியாக்கும் மருந்தைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, அந்தத் துணியின்மேல் பிரஷ்ஷால் தடவினார். தடவத் தடவ வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடிபோல ஆனது. சிறிது நேரத்தில், ரெசின் மிஞ்சியிருந்த பிளாஸ்டிக் மக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது.

அடுப்பில்லை, நெருப்பில்லை, எங்கிருந்து சூடு என்று கேட்டேன். அவரும் யோசித்தார். "மருந்து ஜாஸ்தியா ஊத்தினா பொகையே வரும். ஏன்னு எனக்கும் தெரியல" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். திரவத்தில் தனித்தனியாகத் திரியும் துகள்கள் மருந்து பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன, கோக்கும்போது சூடு வெளியேறுகிறது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு இதைத் தம்பியிடம் சொன்னேன். ரெசினில் நனைந்த கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டார். பிறகு, படகின் ஐஸ் பெட்டிகூட இதே ஃபைபர்தான் என்றார். எனக்குச் சட்டென்று அக்காவின் பலகை நினைவுக்கு வந்தது. சுற்றிலும் விளிம்பும், ஒரு மூலையில் தண்ணீர் வடியத் துளையும் வைத்து, இதில் ஒரு தட்டு செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"ஒட்டு போடுவேன். புச்சா ஒண்ணும் செஞ்சதில்ல" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போதே கண்ணால் பலகையை அளந்துகொண்டிருந்தார்.

ஒரு பொருள் செய்ய முதலில் அதற்கொரு அச்சு வேண்டும் என்பதுவரை எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் உடைந்துகிடந்த மைக்கா ஒட்டிய டிவி ஸ்டாண்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோனேன். தம்பி அதை அறுத்து, நேரான பக்கங்களோடு கவிழ்த்த பெட்டிபோல ஒன்று செய்தார். மேலே ஒட்டாமலிருக்கத் தரை பாலிஷ் மெழுகைப் பூசி, கண்ணாடித்துணி போட்டு ரெசின் தடவி, மறுபடி துணி, மறுபடி ரெசின். வெயிலில் காயவைத்தோம். அக்கா வியாபாரத்தினிடையே வந்துவந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கழற்றப் போனால், தட்டு வரவில்லை. ஓரத்தில் ஆப்பு வைத்து அடித்தோம். இடுக்கில் தண்ணீர் ஊற்றினோம். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். இறுகும்போது ரெசின் ஒரு துளி சுருங்குகிறது, சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்கிறது. கடைசியில் சுத்தியலால் அச்சையே உடைத்தோம். தட்டும் மூலையில் பிளந்துவிட்டது. பிளந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்கள். கூரான முனையில் துணி படியாமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

காயலான் கடை வண்டிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். ஆணிகளை எடுத்துக்கொண்டார், ஃபைபரைத் தொடவில்லை. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி என்றால் உருக்கி வாளியாக்குவார்கள், இது உருகாது, எங்கே போட்டாலும் வாங்க மாட்டார்கள் என்றார். கோத்த கை கோத்ததுதான் போலிருக்கிறது. அதன் பிறகு, ஒன்றைச் செய்யத் தொடங்கும் முன்பே சரியாக யோசித்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அன்று சாயந்திரம் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். கட்டிகள் தாமாகவே உதிர்ந்தன. தட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு குழியும் வாய் அகலம், அடி குறுகல். இட்லித் தட்டும் அப்படித்தான். குளியலறை வாளியும் அப்படித்தான். அது நாள்வரை வாளி மேலே விரிந்திருப்பது அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நேராக இருப்பதாகத் தோன்றிய பிளாஸ்டிக் டப்பாவை ஸ்கேல் வைத்து அளந்தேன். அதுவும் அடியில் ஒரு நூலளவு குறுகல். எவர்சில்வர் சம்படம் மட்டும் துளியும் சரியாமல் நேராக நின்றது. தகட்டை அழுத்தி இழுத்துச் செய்வதால் அது நேராக வரலாம் என்று பிறகு படித்தேன். சமையலறை முழுவதையும் கவிழ்த்துப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் இதைச் சொன்னதும் அக்கா முதலில் புரிந்துகொண்டார்.

"பசங்க ஈர மண்ண வாளில அமுக்கி கவுக்குதுங்கோ இல்ல, பொலபொலன்னு வந்துடுது. பைப்புல அமுக்கினா வருமா? மாட்டிக்கினு நிக்கும்" என்றார். தம்பி உடனே மணலில் விரலால் சாய்வான பக்கங்களோடு ஒரு படம் போட்டார்.

இரண்டாவது அச்சின் பக்கங்களைச் சரித்தோம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம். மெழுகை மறுபடி மறுபடி பூசித் துடைத்தோம். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் தம்பி விளிம்பின் இடுக்கில் சைக்கிள் பம்பின் மூக்கைச் செருகிக் காற்றடித்தார். "டொப்" என்று ஒரு சத்தம். தட்டு எழும்பி அவர் கைக்கு வந்தது. உட்பக்கத்தில் எங்கள் மூவரின் முகங்களும் மங்கலாகத் தெரிந்தன. அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

வாடை அடங்கும்வரை வெயிலில் போட்டு, பலமுறை கழுவி, பிறகுதான் கடைக்குக் கொண்டுவந்தார். முதல் நாள், செங்கல்மேல் சாய்த்துவைத்த அந்த வழுவழுப்பான தட்டில் வஞ்சிரம் ஒன்று சர்ரென்று வழுக்கி, விலை கேட்டுக் குனிந்தவரின் பையில் போய் முட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். செங்கல்லை எடுத்துவிட்டு மெல்லிய கட்டை வைத்ததும் மீன் நின்றது. தண்ணீர் மட்டும் மூலைத் துளையில் செருகிய ட்யூப் வழியே இறங்கி வாளியில் விழுந்தது. மழைக்காலம் வருவதற்குள் அக்காவின் விரலிடுக்குப் புண் ஆறியிருந்தது.

பக்கத்துக் கடைக்காரப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். முதல் தட்டுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அதே அச்சில் அடுத்தது ஒரே நாளில் பிறந்தது. தம்பி படகு வேலையில்லாத நாட்களில் இதைச் செய்கிறார். இறால் விற்கும் ஒருவர் ஆழமாக வேண்டும் என்றும், நண்டு விற்பவர் விளிம்பு உயரமாக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உயரம் கூடினால் பக்கங்களை இன்னும் எவ்வளவு சரிக்க வேண்டும் என்று போன ஞாயிறு நாங்கள் மூவரும் மணலில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி ஒன்று சொன்னார், அக்கா வேறொன்று சொன்னார். எனக்கு இரண்டும் சரியென்றே தோன்றியது.

"செஞ்சி பாத்தா தெரிஞ்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டு, அக்கா காத்துநின்றவருக்குச் சங்கரா மீன் எடைபோடப் போனார்.