ஐந்து டிகிரி சாய்வு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். மொத்தம் பதினோரு பேர். அதில் படம் வரைந்து பொருளை வடிவமைக்கிறவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

நாங்கள் செய்தது, சுண்டுவிரலில் பாதி நீளமே உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு துளி பாதரசம். ஒரு முனையில் இரண்டு கம்பிகள். குப்பி சாய்ந்தால் துளி உருண்டு போய் இரண்டு கம்பியையும் தொடும், கரண்ட் பாயும். கிரேன் செய்கிற ஒரு பெரிய கம்பெனி இதை வாங்கியது. பளு தூக்கும்போது கிரேன் ஐந்து டிகிரி சாய்ந்தால் டிரைவரின் தலைக்கு மேல் மணி அடிக்க வேண்டும். முன்னாலேயே அடித்தால் டிரைவர் எரிச்சலில் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். தாமதமாக அடித்தால் கிரேன் கவிழ்ந்துவிடும். அரை டிகிரி கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சாய்வும் உலுக்கலும் அந்தத் துளிக்கு ஒன்றுதான். வண்டி சாய்ந்தாலும் ஓடும், வண்டி குலுங்கினாலும் ஓடும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் என் வேலை.

நான் சேர்வதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே குப்பியில் பாதரசத்தை நிரப்பியவர் ஓர் அக்கா. குன்றத்தூர் பக்கத்துக் கிராமம். வயது முப்பத்தைந்து இருக்கும், எட்டாவது வரை படித்தவர். இங்க் ஃபில்லர் மாதிரி ஒரு குழாயால் துளித்துளியாக விடுவார். மேஜையில் சிந்தியதை ஒரு போஸ்ட் கார்டின் ஓரத்தால் கூட்டி மறுபடி சீசாவில் சேர்ப்பார். மற்றவர்கள் எதிரில் என்னை மேடம் என்பார். தனியாக இருந்தால் கண்ணு.

“வெள்ளிய உருக்கி வுட்டா மாதிரி கீது இல்ல கண்ணு? தொட்டா கையில நிக்காம ஓடுது பாரு” என்று ஒருநாள் உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். நானும் கை நீட்டி வாங்கிப் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு இன்னொரு வேலை. ஒரு பலகை, அதைச் சாய்க்க ஒரு சக்கரம், பக்கத்தில் டிகிரி அளவு. குப்பியைப் பலகையில் மாட்டி, சக்கரத்தை மெல்லத் திருப்பி, பல்பு எரிகிற இடத்தை நோட்டில் எழுதுவார்.

இரண்டாவது வருஷம் அந்த நோட்டில் எண்கள் கெட ஆரம்பித்தன. ஐந்து என்று வர வேண்டியது நாலரை, நாலு, மூணே முக்கால் என்று வந்தது. துளி உள்ளே அலைபாய்கிறது என்று நினைத்தேன். குப்பிக்கு நடுவில் இடுப்பு மாதிரி ஓர் ஒடுக்கம் வைத்தால் பாதரசம் நிதானமாகக் கடக்கும். சின்ன உலுக்கலுக்கு அசையாது, உண்மையான சாய்வுக்கு மட்டும் ஓடும். எவ்வளவு ஒடுக்கம், எவ்வளவு நீளம் என்று ஆறு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். புழுதி விழுந்தால் துளி கண்ணாடியில் ஒட்டுகிறது என்று தெரிந்ததும் ஷெட்டின் ஜன்னல்களை எல்லாம் மூடச் சொன்னேன். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே, மூடிய ஜன்னலோடு அவர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். எண்கள் இன்னும் மோசமாயின.

“என்னம்மா, நீ மாத்த மாத்த கெட்டுப்போகுதே?” என்றார் முதலாளி.

ஒருநாள் அந்த அக்கா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நானே சக்கரத்தைப் பிடித்து நாற்பது குப்பிகளைச் சோதித்தேன். நாற்பதும் ஐந்திலேயே எரிந்தன. முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் ஆத்திரம். ஆறு மாதம் எதற்கோ என்னை அலைய வைத்துவிட்டார்!

மறுநாள் காலை எல்லோர் எதிரிலும் நோட்டை விரித்தேன்.

“நான் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. நீங்க பாத்தா மட்டும் எப்படிக்கா நாலுல எரியுது? பல்பைப் பாத்து எழுதறீங்களா, மனசுல தோணினதை எழுதறீங்களா? இந்தக் கையெழுத்தைப் பாருங்க, கிறுக்கி வெச்சிருக்கீங்க.”

“பாத்துதான் மேடம் எழுதறேன்.”

“பொய் சொல்லாதீங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு குப்பியை எடுத்தார். அதைப் பலகையில் மாட்டுவதற்கே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. சக்கரத்தில் கை வைத்தார். சக்கரம் நடுங்கியது, அதோடு பலகையும் நடுங்கியது. மூன்றரையில் பல்பு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இன்னா எழுதட்டும்?” என்று கேட்டார்.

நான் நோட்டை மூடினேன்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“போன தீவாளிலேர்ந்து. கோலம் போட்டா கோடு இழுத்துக்கினு போவுது. பல்லு தேச்சா ரத்தம் வருது. புள்ளைங்க மேல சும்மா சும்மா எரிஞ்சு வுழறேன். வூட்டுக்காரரு வயசாவுதுன்றாரு.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவீங்க.”

பக்கத்து டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். நான் விடாமல் பட்டணத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டர் அவர் ஈறுகளைப் பார்த்தார், காகிதத்தில் பெயரை எழுதச் சொன்னார். பிறகு “என்ன வேலை செய்யறீங்க?” என்றார். பாதரசம் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஜன்னல் எல்லாம் திறந்துதானே இருக்கும்?”

அந்த அக்கா பதில் சொல்லும் முன் நான் சொன்னேன்: “இல்லைங்க. மூடியிருக்கும்.”

“அந்த வேலையை இன்னையோட விடணும்.”

“விட்டா சரியாயிடுமா?”

“இனிமே விஷம் ஏறாம இருக்கலாம்” என்றார் அவர், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலாளி அவரை நிறுத்தினார். நான் கேட்டதற்காக ஜன்னல்களைத் திறக்கவிட்டு ஒரு ஃபேனும் மாட்டினார். அந்த நாற்காலியில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்தார். அதே மாதம் கிரேன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒடுக்கம் வைத்த புதுக் குப்பி மிக அருமை. எத்தனை குலுக்கினாலும் வீணாக மணி அடிப்பதில்லை. இனி இரண்டு மடங்கு அனுப்ப வேண்டும். அந்த அக்காவின் கை நடுக்கத்தைக் குப்பியின் நடுக்கம் என்று நினைத்து, அதை வெல்வதற்காக நான் வைத்த ஒடுக்கம் அது. முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பாதரசம் நிரப்புகிற நாற்காலி ஒன்று இரண்டாயிற்று.

பாதரசமே இல்லாமல் செய்ய வேண்டும் என்று பிறகு நான்கு மாதம் உயிரைக் கொடுத்து உழைத்தேன். குழிந்த பித்தளைக் கிண்ணத்தில் ஓர் இரும்புக் குண்டு. சாய்ந்தால் குண்டு ஏறி விளிம்பைத் தொடும். இன்ஜின் அதிர்வில் குண்டு துள்ளியது. தொடுகிற இடம் பொறி பறந்து கருகியது. அடியில் காந்தம் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். சாயும்போது சரியாகப் போனது, நிமிரும்போது திரும்பவில்லை. எண்ணெய் நிரப்பினேன், கசிந்தது. கடைசியில் ஒன்றைச் சுமாராகத் தேற்றி அனுப்பினேன். வாங்குகிறவர்கள் இரண்டே வரியில் பதில் எழுதினார்கள்: பழையது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. அப்பா படுக்கையில் இருந்தார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். இது காரணம்தான், சமாதானம் ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். மகள் தம்ளரைப் பிடித்துக்கொள்ள, அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினெட்டு வயது. என்னைப் பார்த்ததும் அந்த அக்கா சிரித்தார்.

“இப்ப இன்னா பண்றீங்க அங்க? அதே பாதரசம்தானா?”

“இல்லைக்கா, நிறுத்திட்டோம். இப்ப இரும்புக் குண்டு” என்றேன். பொய். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது.

“நல்லதாப் போச்சு. அப்ப இவள சேத்துக்கோ கண்ணு. சும்மாதான் கீறா.”

“வேணாம்க்கா. நான் பொய் சொன்னேன். அதே பாதரசம்தான்.”

அவர் தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு வருசம் செய்யட்டும். எனக்கு ஆறு வருசம் கழிச்சுத்தானே வந்துது. அதுக்குள்ள கண்ணாலம் கட்டிக் குடுத்துடறேன்.”

“என்னால முடியாதுக்கா.”

“உன்னால இன்னாதான் முடியும்?” என்று கத்தினார். தம்ளர் உருண்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது நிரப்புகிற மேஜையில் அந்த மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா முதலாளியை நேராகப் பார்த்திருக்கிறார். அங்கே இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தலைவலி என்று நின்றுவிட்டாளாம்.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவளை அந்த மேஜையில் உட்கார வைத்தால் நான் வரமாட்டேன் என்றேன். ஒடுக்கத்தின் அளவு என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதால் அவர் யோசித்தார்.

“சரிம்மா. அந்தப் பொண்ணைப் பாக்கிங்ல போடு. பாக்கிங்ல இருக்கறவள இங்க போடு. எனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான்.”

பாக்கிங்கில் ஒரு புதுப்பெண் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறவள், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான்தான் போய் அவளை எழுப்பி அழைத்து வந்தேன். பெரிய வேலைக்கு ஏற்றிவிட்டதாக அவள் நினைத்தாள். வளையலை மேலே தள்ளிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இதுல இன்னா மேடம் செய்யணும்?”

ஃபில்லரை எப்படிப் பிடிப்பது, துளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.