சுவரில் ஏறிய சிவப்புக் கோடு

பிள்ளைகளே, அம்மா தையல் கற்றுக்கொள்ள ஏன் ஆறு மாதம் தாமதமானது என்று கேட்டீர்கள். குற்றவாளி நான்தான். எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். தொழிற்சாலையில் எங்கள் பகுதியில் நடக்கும் சிறு விபத்துகளை மாதாமாதம் கிராஃப் தாளில் சிவப்புப் பென்சிலால் குறிப்பது என் வேலை. கோடு ஏறினால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்போது நாட்டில் கொலை, கொள்ளை பெருகிவிட்டது என்று எங்கும் அதே பேச்சு. நானும் வீட்டுச் சுவரில் ஒரு கிராஃப் தாளை ஒட்டி, பேப்பரில் வரும் கொலைகளை எண்ணிக் குறிக்கத் தொடங்கினேன். கோடு ஏறியது. நடவடிக்கையாகக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். பிறகு மூன்றாவது. ஒருநாள் காலையில் மூன்றையும் திறப்பதற்குள் எனக்கு பஸ் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியில் ஒரு பாய் வீட்டம்மா நடத்திய தையல் வகுப்பில் சேர வேண்டும் என்றாள் அம்மா.

"துணி கூட வேணாங்க. மொதல்ல பழைய பேப்பர்லதான் ஜாக்கெட் வெட்டிப் பழகணுமாம்."

நான் கோட்டைக் காட்டினேன். "நாடே இப்படி ஏறிக்கினு கீது. நீ தனியா பஸ் ஏறப் போறியா?"

"பஸ்ஸு பூந்தமல்லிக்குத்தானே போவுது? டெல்லிக்கா போவுது?"

கோடு இறங்கட்டும், பார்க்கலாம் என்றேன். இறங்கவில்லை. ஆறாவது மாதம் தாளில் இடம் போதாமல், மேலே இன்னொரு தாள் ஒட்ட ஸ்டூலில் ஏறினேன். கீழே கோந்துப் புட்டியோடு நின்ற அம்மா கேட்டாள்.

"ஏங்க, மொதல்ல நம்ம ஊட்டு பேப்பர் மட்டும்தானே படிச்சீங்க?"

"ஆமா."

"அப்புறம் எதிர் ஊட்டு அண்ணன் பேப்பரு. இப்ப டீக்கடைல மாலைப் பேப்பரு வேற. மூணுலயுமா எண்றீங்க?"

"ஒண்ணும் வுட்டுடக் கூடாதுல்ல?"

"செத்தவன் ஒருத்தன். மூணு பேப்பர்ல வந்தா மூணு வாட்டி சாவானா? பாவங்க, ஒரு வாட்டியோட அவன வுட்டுடுங்க!"

புதுத் தாளை ஒட்டாமலே ஸ்டூலிலிருந்து இறங்கினேன். நாட்டில் வன்முறை கூடியது பொய்யல்ல, பிள்ளைகளே. ஆனால் என் சுவரில் ஏறியதில் நாடு எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, திங்கக்கெழம போய் சேந்துக்கோ" என்றேன்.

"வெள்ளிக்கெழமையே பேர் குடுத்துட்டேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

இன்னொரு முறை எண்ணிச் சரிபார்ப்பதற்காக, நம் வீட்டுப் பேப்பர்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை வெளியே இழுத்தேன். ஒரு பக்கத்தையும் பிரிக்காமல், சணல் கயிற்றால் கட்டி, அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.