விளக்கு மாடமும் மூன்றாவது பட்டையும்

அந்தக் கோயில் கட்டப்பட்ட காலத்தில் அது பாரிஸில் இல்லை. லா சப்பலிலிருந்து வடக்கே போகும் பழைய பாதையோரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்தின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அது. பிறகு நகரம் வளர்ந்து வந்து கிராமத்தை மூடிவிட்டது. முகப்பைப் பிற்காலத்தில் மாற்றினார்கள். பீடப் பகுதியை இடித்துக் கட்டினார்கள். உள்ளே நான்கு கூர்வளைவுகளும், தலையில் இலை செதுக்கிய குட்டைத் தூண்களும், வடக்குப் பக்க நடையும் மட்டும் பழையவை. தெரு நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டே போனதால், இப்போது கோயிலுக்குள் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். நண்பகலிலும் உள்ளே மங்கல்தான்.

2011ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எங்கள் அலுவலகம் அதன் வடக்குச் சுவரைக் கண்காணிக்கும் வேலையை எடுத்தது. நான் படிப்பை முடித்துச் சேர்ந்த முதல் ஆண்டு. சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதன் குறுக்கே, உள்ளங்கை அகலத்தில், மூன்று இடங்களில் பிளாஸ்டர் பட்டை பூசினேன்: வளைவின் அடியில் ஒன்று, கண்மட்டத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் இருந்த சிறிய மாடத்தின் விளிம்பில் ஒன்று. ஈரம் காயுமுன் ஒவ்வொன்றிலும் தேதியைக் கீறினேன். பிளாஸ்டர் நெகிழாது. சுவர் ஒரு மயிரளவு அசைந்தாலும் பட்டை வெடித்துவிடும். ஓராண்டு வெடிக்காமல் இருந்தால், நான்கு பருவங்களையும் கண்டு சுவர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். செய்ய வேண்டியது இரண்டுதான்: பூசுவது, காத்திருப்பது.

அம்மாவுக்கும் அந்தக் கோயில் தெரியும். நாங்கள் சைவர்கள். ஆனாலும் ஊரில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போன பழக்கம் அவளுக்கு இங்கேயும் இருந்தது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவள் ஒரு செவ்வாயும் தவறவிட்டதில்லை. அந்த மாதத்தோடு வன்னியில் இருந்த அண்ணாவின் தொலைபேசி நின்றுபோயிருந்தது. அப்பா இரண்டு தடவை திதி கொடுக்கும் பேச்சை எடுத்தார். இரண்டாவது தடவை அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் எள்ளுத்தண்ணி இறைப்பினமோ? நீங்கள் ஒரு தேப்பன்!"

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொண்டவர் பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். முன்பக்கத் தட்டில் சனங்கள் ஏற்றும் மெழுகுதிரிகளைப் பன்னிரண்டு மணிக்கு ஊதி அணைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அம்மா அலுவலகங்களில் மெனாஜ் வேலை, அதாவது துப்புரவு வேலை, முடித்து வரவே பதினொன்றாகிவிடும். அவர்கள் இருவரும் சண்டை பிடிப்பதை, பட்டை பூசிய பிறகு ஒரு செவ்வாய் அம்மாவோடு போனபோது நானே கேட்டேன்.

"எரியிறதை ஊதி நூக்கிறியள் அண்ணை. பாவமெல்லோ?"

"ஏம்மா, அணைக்காம நான் சாப்பிடப் போயி கோயில் பத்திக்கிச்சின்னா, பொம்பியேவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"நெருப்பணைக்கிற ஆக்களுக்கு நான் ஏன் பதில் சொல்லோணும்? அந்தோனியாருக்கு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்ததென்று நினைத்தேன்.

நான்கு மாதம் பட்டைகள் அப்படியே இருந்தன. ஐந்தாவது மாதம் மூன்றாவது பட்டை இரண்டாக வெடித்திருந்தது. மேலே இரண்டும் முழுதாக இருக்க, கீழே மட்டும் ஏன் என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அடித்தளம் இறங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வடக்கு நடையை மூடத் தீர்மானித்தார்கள்.

அன்று மாலை சாப்பிடும்போது அதைச் சொன்னேன். அம்மா புட்டைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எந்தச் சுவர்?"

சொன்னேன்.

"அந்தக் குட்டி மாடம் இருக்கிற பக்கமோ?"

"ஓம்."

"அது சுவர் இல்லைப் பிள்ளை. நான்தான். அதுக்குள்ளை நான் திரி ஏத்துறனான்."

முன்பக்கத்தில் ஏற்றினால் அணைத்துவிடுகிறார்கள் என்பதால், அந்தச் சண்டைக்குப் பிறகு தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத அந்த மாடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு செவ்வாயும் புதுத் திரி ஏற்றுமுன், பழைய மெழுகைக் கொண்டை ஊசியால் சுரண்டிக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். நான் அளக்கப் போனது திங்கட்கிழமைகளில். மாடத்துக் கல் பழங்காலத்திலிருந்தே கறுப்பு. புதுப் புகை அதில் தெரியாது.

"மாடமெண்டால் விளக்குக்குத்தானே? வேறை என்னத்துக்குக் கட்டுவினம்?"

பூசைப் பாத்திரங்களைக் கழுவிய தண்ணீரை ஊற்றுவதற்காகக் கட்டியது என்று நான் சொல்லவில்லை. கேட்டேன்: "ஏனம்மா இப்ப சொல்லுறீங்கள்? சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாதே."

"நீ பிழையா எழுதிக் குடுத்திருக்கிறியே. உன்ரை வேலைக்கு ஏதும் வராதோ?"

இனி அங்கே திரி ஏற்ற முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டாள். புதுப் பட்டை பூசினால் அன்றிலிருந்து ஒரு வருடம் என்றேன். "வாற செவ்வாய் கடைசியா ஒண்டு ஏத்துறன். அதுக்குப் பிறகு பூசு," என்றாள்.

அறிக்கையைத் திருத்தினேன். மூன்றாவது பட்டை: செல்லாது. காரணம்: வெப்பம். மூலம்: மெழுகுதிரி. யாருடையது என்று எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் கேட்டார். என் அம்மாவுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நடையை மூட வேண்டாம் என்று எழுதினார்.

செவ்வாயன்று நான் போனபோது அம்மா ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். மாடத்துக்குள் திரி இரண்டு விரலளவு மிச்சம். பாண்டிச்சேரிக்காரர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"ஊதிட்டு வேலையப் பாரும்மா. எனக்குப் பசிக்குது."

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ அண்ணை. நான் நிக்கிறன்."

"யாருக்கு இது?"

"அண்ணாவுக்கு."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடப் போகவில்லை. செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் நான் தூணின் சுற்றளவை அளந்தேன், மறுபடியும் அளந்தேன். சுடர் தாழ்ந்து, நீலமாகி, நின்றது. கல் ஆறும்வரை பொறுத்திருந்து பட்டையைப் பூசித் தேதியைக் கீறினேன்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள். "தானா நூந்ததோ, ஆரும் நூத்தவையோ?"

"தானா."

"நீ பாத்தனியோ?"

"பாத்தனான்."

அந்த ஒரு வருடம் அம்மா முன்பக்கத் தட்டிலும் ஏற்றவில்லை. அண்ணாவைப் பற்றி எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. பட்டை வெடிக்கவில்லை. அசைவு இல்லை என்று எழுதி வேலையை முடித்தோம். பட்டையை உளியால் தட்டி எடுத்த அன்றே அம்மாவிடம் சொன்னேன், மாடம் இனி வெறுமைதான், மூலையில் சின்னதாய் ஒன்று ஏற்றினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று.

"வேண்டாம் பிள்ளை," என்றாள்.

அடுத்த ஞாயிறு அப்பா நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, வரப்போகும் மே மாதத்தில் அண்ணாவின் திதியைத் தேடினார். கண்ணாடி எங்கே என்று தடவினார். அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள்.